அத்திவாரம் வெட்டுமுன் படத்தைப் படிப்போம்

வற்றாப்பளையில் ஒரு முற்றம். வேப்பமர நிழலில் பாய் விரித்து, அதன் மேல் ஒரு வீட்டுப் படம் விரிக்கப்பட்டிருந்தது. காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் நான்கு கல். சுற்றிவர வீட்டுக்காரத் தாய், அவருடைய மூத்த மகன், வேலையை ஏற்கவிருந்த மேசன், அயல் வீட்டார் இருவர், நாம். மறுநாள் காலையில் அத்திவாரம் வெட்டுவதற்கு நாள் பார்த்திருந்தார்கள். மண்வெட்டியும் கயிறும் தயாராக இருந்தன.

மேசன் படத்தில் விரலை வைத்து ஒவ்வொரு அறையாகச் சொல்லிக்கொண்டு போனார். தாய் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு, "தம்பியவை, எல்லாம் சரி. இந்தப் படத்திலை என்ரை அடுப்பு எங்கை?" என்று கேட்டார்.

நாம் தென்மேற்கு மூலையிலிருந்த சதுரத்தைக் காட்டி, "இதுதானம்மா குசினி" என்றோம்.

"குசினி தெரியுது. சோளகம் அடிச்சா அந்தப் புகை எங்கை போகும்? பிள்ளையள் படுக்கிற அறைக்குள்ளை எல்லோ வரும்!"

எவரும் பேசவில்லை. வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்று சோளகம். குசினியைத் தென்மேற்கு மூலையில் வைத்தால் புகை முழுவதும் வீட்டுக்குள்ளேதான் வரும். படம் வரைந்தவருக்கு அந்தக் காணியின் காற்றுத் தெரியாது. அந்தத் தாய்க்குத் தெரியும். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அத்திவாரம் வெட்டுவதற்கு முதல் நாள். ஒரு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

கட்டத் தொடங்குமுன் வீட்டுப் படத்தையும் அதனோடு வரும் காகிதங்களையும் பிழை தேடி வாசிப்பது பற்றியே இக் கட்டுரையில் எழுதுகிறோம். அது பொறியியலாளருக்கு மட்டும் உரிய வேலை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பாதி வேலை அவருடையது என்பது உண்மை. மறு பாதி அந்த வீட்டில் வாழப்போகின்றவர்களுடையது.

பிழையின் விலை

2009க்குப் பின்னர் வன்னிக்கு மீண்டு வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை, வீட்டு உரிமையாளரே முன்னின்று கட்டும் முறையில்தான் வீடு பெற்றன. இந்திய அரசின் உதவியுடனான 50,000 வீட்டுத் திட்டம் 2010இல் அறிவிக்கப்பட்டது. அதன் பெரும் பகுதி 2012 ஒக்டோபரில் தொடங்கியது. புதிய வீடு ஒன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. அந்தப் பணம் ஒரே தடவையில் கைக்கு வரவில்லை. அத்திவாரம், சுவர், கூரை எனப் படிப்படியாக, ஒவ்வொரு கட்டமும் பார்வையிடப்பட்ட பின்னரே அடுத்த பங்கு கிடைத்தது. பின்னர் வந்த திட்டங்கள் பலவும் இதே ஒழுங்கையே பின்பற்றின.

இந்த முறையில் நன்மை உண்டு; வீடு கட்டுபவருக்கு ஓர் உரிமை உணர்வு வருகிறது. ஆனால் படத்தில் ஒரு பிழை இருந்தால் அதன் சுமையும் அவர் தலையில்தான். அத்திவாரம் படத்துக்கு மாறாக இருந்தால் அடுத்த பங்குப் பணம் தாமதமாகும். இடித்துக் கட்டுவதற்கு எந்தத் திட்டத்திலும் தனிப் பணம் கிடையாது. அது நகையை அடகு வைத்தோ, காலபோக நெல்லை முன்கூட்டியே விற்றோ கொடுக்கவேண்டிய பணம். வீட்டுக்காகப் பட்ட கடனை இன்னமும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எம்மிடையே உள்ளன.

படத்திலுள்ள பிழையை அழிறப்பரால் அழிக்கலாம். மண்ணில் விழுந்த பிழையை அழிக்க அலவாங்கு வேண்டும்.

பொருத்து வீடு தந்த பாடம்

படத்தையும் மாதிரியையும் முன்கூட்டியே பரிசோதிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, எமது வடக்கு கிழக்கிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 2015இல் போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 65,000 இரும்பு வீடுகளை அமைக்கும் திட்டமொன்றை அரசாங்கம் முன்வைத்தது. ஆர்செலர்மிட்டல் என்னும் பன்னாட்டு இரும்பு நிறுவனம் அவற்றை வழங்குவதாக இருந்தது. மக்கள் அவற்றைப் 'பொருத்து வீடு' என்று அழைத்தார்கள். ஒன்றின் விலை 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் எனப்பட்டது. அக்காலத்தில் ஒரு கல்வீட்டுக்கு வழங்கப்பட்ட உதவி 8 இலட்சம் ரூபா.

மாதிரி வீடுகள் எழுந்தபோது, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொறியியலாளர்கள் உட்படப் பலர் அவற்றைப் பார்வையிட்டுக் குறைகளை எழுத்தில் வைத்தார்கள். அத்திவாரம் போதாது, கூரைக்குத் தாங்குதல் போதாது, காற்றோட்டம் குறைவு, விறகு அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடமில்லை, துருப்பிடிக்கும், பிள்ளைகள் வளர்ந்தால் ஓர் அறை கூட்டிக் கட்டுவது கடினம். மக்கள் பிரதிநிதிகளும் ஊர் அமைப்புகளும் இவற்றை எடுத்துப் பேசினார்கள். வாதம் நீண்டது. 65,000 பொருத்து வீடுகள் எமது ஊர்களில் எழவில்லை.

அந்தக் குறைகளை மீண்டும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். துருவையும் தாங்குதலையும் கண்டுகொள்ளப் பொறியியல் அறிவு வேண்டும். அடுப்புக்கு இடமில்லை என்பதைக் கண்டுகொள்ள அந்த வீட்டில் ஒரு நேரச் சோறு சமைப்பதாக எண்ணிப் பார்த்தாலே போதும்.

ஒரு கோட்டை மாற்றினால்

படம் முதலில் சரியாக இருந்து, இடையில் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டு, அந்த மாற்றத்தை எவரும் திரும்பப் பார்க்காமல் விடுவதும் உண்டு. இதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 1981 யூலை 17ஆம் திகதி கன்சாஸ் நகரத்தின் ஹயாட் றீஜென்சி ஹோட்டலில், மண்டபத்தின் மேலாகத் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள்.

காரணத்தை எங்கள் குசினி உறியை வைத்து விளங்கிக்கொள்ளலாம். வளையிலிருந்து ஒரு நீளக் கயிறு தொங்குகிறது. அதில் மேலே ஒரு பானையும் கீழே ஒரு பானையும் தனித்தனி முடிச்சில் நிற்கின்றன. ஒவ்வொரு முடிச்சும் ஒரு பானையை மட்டும் தாங்குகிறது. இப்போது கீழ்ப் பானையை அந்தக் கயிற்றிலிருந்து அவிழ்த்து, மேல் பானையின் உறியிலே இன்னொரு கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பார்ப்பதற்கு முன்போலத்தான் இருக்கும். ஆனால் மேல் முடிச்சு இரண்டு பானைகளின் பாரத்தையும் தாங்கவேண்டும். அந்த ஹோட்டலில் இரு பாலங்களையும் தாங்கவிருந்த நீண்ட கம்பிகளுக்குப் பதிலாக இரண்டு துண்டுக் கம்பிகள் போட்டார்கள். செய்வது இலகு என்பதற்காகவே அந்த மாற்றம். மாற்றிய படத்தை எவரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பொறுப்பான பொறியியலாளர்கள் பின்னர் தமது தொழில் அனுமதியை இழந்தார்கள்.

எமது சிறு வீட்டுக்கும் இது பொருந்தும். "அந்தத் தூண் தேவையில்லை", "யன்னலை இஞ்சாலை தள்ளுவம்" என்று வேலைத்தலத்தில் சொல்லப்படும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய படம். அதையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்க்கவேண்டும்.

எதை, எப்படிப் பார்ப்பது?

முதலில் காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். தள வரைபடம், முகப்புத் தோற்றம், வெட்டுமுகம், பொருட்களின் அளவுப் பட்டியல் ஆகியன தேவை. வெட்டுமுகம் என்பது வீட்டைக் கத்தியால் நெடுக வெட்டினால் தெரியும் உள்தோற்றம். அத்திவார ஆழமும் நிலமட்டமும் கூரைச் சரிவும் அதில்தான் இருக்கும். இவற்றை வைத்துக்கொண்டு பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

*அளவுகளைக் கூட்டுங்கள்.* ஒரு படத்தில் வீட்டின் வெளி நீளம் 25 அடி, அகலம் 22 அடி என்று இருக்கிறது; 550 சதுர அடி. நீளப் பக்கத்தில் இரண்டு அறைகள், உள்ளளவு 12 அடி வீதம். சுவர்கள் மூன்று, ஒவ்வொன்றும் 6 அங்குலம். இப்போது கூட்டுங்கள்: 12, 12, சுவர்களுக்கு ஒன்றரை. மொத்தம் இருபத்தைந்தரை அடி. அரை அடி எங்கே போனது? வெளியளவை நம்பி வெட்டினால் அறை சிறுக்கும். உள்ளளவை நம்பி வெட்டினால் வீடு நீளும். 25 அடிக்கு எடுத்த கூரைச் சாமான் போதாமல் போகும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் பிடிக்கக்கூடிய பிழை இது. அந்தப் பிள்ளையையே கூட்டச் சொல்லுங்கள்.

*காணியை வைத்துப் பாருங்கள்.* மாதிரிப் படம் ஒன்றுதான், காணிகள் பல. தெருவிலிருந்து எத்தனை அடி விடவேண்டும் என்பதைக் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையில் கேட்டறியுங்கள். நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே களப்புப் பக்கமாகக் காணி உள்ளவர்கள் எல்லையைப் பிரதேச செயலகத்தில் உறுதிசெய்யாமல் கல் நாட்டவேண்டாம்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடியாவது இருக்கவேண்டும். உங்கள் கிணற்றுக்கு மட்டுமன்று, அயலவர் கிணற்றுக்கும் இதே அளவுதான். கால் ஏக்கர் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 104 அடிதான் வரும். சுற்றிவர எல்லோரும் வேலியோரம் கிணறு வைத்திருந்தால் மலசலகூடத்துக்குப் பொருத்தமான இடம் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். வீட்டுக்கு நிலையம் எடுக்கும்போதே அதற்கும் இடம் குறித்துவிடுங்கள்.

*வெள்ள மட்டத்தைக் காட்டுங்கள்.* 2018 டிசெம்பர் பெருமழையில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் வெள்ளத்தில் தவித்ததை மறந்திருக்கமாட்டோம். அன்று உங்கள் வளவில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நின்றது? படம் வரைந்தவர் அதைக் கண்டிருக்கமாட்டார். வேலிக் கதியாலிலோ கிணற்றுக் கட்டிலோ அந்த அடையாளத்தைத் தொட்டுக் காட்டுங்கள். வீட்டின் நிலமட்டம் அதற்கு மேலே இருக்கவேண்டும். உயர்த்தினால் படிக்கட்டும் நிரப்பு மண்ணும் கூடும். அது பட்டியலிலும் ஏறவேண்டும்.

*காற்றையும் கூரையையும் பாருங்கள்.* எங்கள் பெரியவர்கள் தென்கிழக்கு மூலையில் அடுப்பு வைத்ததற்குக் காரணம் உண்டு. சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசும். தென்கிழக்கு மூலையில் எழும் புகையை இரண்டு காற்றும் வீட்டுக்குள் தள்ளுவதில்லை.

கூரைக்கு வேறு கேள்வி உண்டு. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையைக் கடந்தது. புயல் கூரையைக் கீழே அமுக்குவதிலும் பார்க்க மேலே கிளப்புவதே அதிகம். ஆகவே சுவரின் தலையில் கம்பி போட்ட கொங்கிறீற்று வளையம் சுற்றிவர உண்டா, கூரைமரம் அதனோடு எதனால் பிணைக்கப்படுகிறது என்பதை வெட்டுமுகத்தில் தேடுங்கள். அங்கே ஒன்றும் குறிக்கப்படவில்லையென்றால் கேளுங்கள்.

*மணலும் தண்ணீரும்.* பட்டியலில் வெறுமனே 'மணல்' என்று மட்டும் இருந்தால் போதாது. கடற்கரை மணலிலும் களப்பு மணலிலும் உப்பு உண்டு. கொங்கிறீற்றுக்குள் உப்புப் போனால் கம்பி துருப்பிடித்து வீங்கும். சில ஆண்டுகளில் லிண்டல் வெடிக்கும். உவர்க் கிணற்று நீரில் குழைப்பதும் அப்படித்தான். 'ஆற்று மணல், நன்னீர்' என்று எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

*பட்டியலும் படமும் ஒத்துப்போகின்றனவா?* 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் கொண்ட சீமெந்துக் கல், நூறு சதுர அடிச் சுவருக்கு ஏறக்குறைய 113 தேவை. மேலே சொன்ன 25க்கு 22 அடி வீட்டின் சுற்றளவு 94 அடி. சுவர் 9 அடி உயரமானால் 846 சதுர அடி. ஏறக்குறைய 950 கல். கதவு, யன்னலுக்காக நூறு சதுர அடி கழித்தாலும் 840 கல் வரும். உட்சுவர்கள் வேறு. பட்டியல் 600 என்று சொன்னால், ஒன்றில் பட்டியல் பிழை அல்லது அது வேறொரு வீட்டின் பட்டியல். அதேபோல் படத்தில் லிண்டலுக்கு ஒன்றுக்கு இரண்டு, நாலு என்ற கலவை குறிக்கப்பட்டிருந்தால், அதற்குப் போதிய சீமெந்து பட்டியலில் உண்டா என்று மேசனிடம் கணக்குக் கேளுங்கள்.

கயிறு பிடித்துப் பாருங்கள்

படம் வாசித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறோம். முளைக்கட்டை அடித்து, கயிறு பிடித்து, வீட்டை நிலத்தில் அதன் முழு அளவிலேயே வரையுங்கள். கதவுக்கு இடம் விடுங்கள். பிறகு பாயைக் கொண்டுவந்து அறைக்குள் விரியுங்கள். நெல்மூட்டை அடுக்கும் இடத்தில் நான்கு மூட்டையை வைத்துப் பாருங்கள். குசினியில் குந்தியிருந்து பாருங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர், ஊன்றுகோலுடன் நடப்பவர் வீட்டில் இருந்தால், அவரை வாசலால் உள்ளே வரச் சொல்லுங்கள். போர் எமது குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தத் தேவையை விட்டுச் சென்றிருக்கிறது. மாதிரிப் படங்கள் பல அதை எண்ணுவதில்லை. சாய்தளமும் அகன்ற கதவும் முன்கூட்டியே கேட்டால் சிறு செலவுதான்.

இதைத் தனியே செய்யவேண்டாம். நான்கு குடும்பங்கள் சேர்ந்து நான்கு படங்களையும் ஒன்றாகப் பாருங்கள். ஒருவர் காணாததை மற்றவர் காண்பார். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, அனுபவமுள்ள மேசன் ஒருவரை அழைத்தால் அதுவே ஒரு பயிற்சி.

பிழையைக் கண்டால்

வாயால் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். பிழையை ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் படம், எந்த இடம், என்ன பிழை, என்ன வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கொடுத்து ஒரு பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். திருத்திய படம் வந்ததும் பழைய படத்தின் குறுக்கே கோடு கீறி 'பழையது' என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மேசனின் கையில் ஒரு படமும் உத்தியோகத்தரின் கையில் இன்னொரு படமும் இருக்கும். சுவர் எழுந்த பின்னர்தான் அது தெரியவரும்.

கேள்வி கேட்டால் வீடு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் எமது மக்களிடம் உண்டு. நாம் அதை அறிவோம். தறப்பாளின் கீழே பல மாரி கழித்தவருக்கு அந்தப் பயம் வருவதில் வியப்பில்லை. ஆனால் வீடு பிச்சையன்று. விளங்காத காகிதத்தில் ஒப்பமிட எவரும் கடமைப்பட்டவரல்லர். மரியாதையோடு கேட்கப்படும் கேள்வியை நல்ல உத்தியோகத்தர் வரவேற்பார். கட்டிய பின்னர் வரும் முறைப்பாட்டிலும் பார்க்க அது அவருக்கும் இலகு.

காணிக்கே இன்னும் திரும்பாதவர்களையும் நாம் இவ்விடத்தில் நினைக்கிறோம். வற்றாப்பளைக்கு அயலிலுள்ள கேப்பாப்பிலவு மக்கள், 2012இல் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது சொந்தக் காணிக்கன்றி மாதிரிக் கிராமம் ஒன்றுக்கே கொண்டுவரப்பட்டார்கள். 2017இல் அவர்கள் தொடர்ந்து போராடினார்கள். அவ்வாண்டின் இறுதியில் காணியில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. காத்திருக்கும் குடும்பங்களுக்கு வீட்டுப் படம் எதற்கு என்று கேட்கலாம். எந்த மூலையில் தண்ணீர் நின்றது, எந்தப் பக்கக் கிணறு நன்னீர், மாட்டுப்பட்டி எங்கே இருந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருங்கள். அதை அறிந்த பெரியவர்கள் எம்மோடு இருக்கும்போதே எழுதுங்கள். நாளை வரும் படத்தைத் திருத்துவதற்கு அந்தக் கொப்பி உதவும்.

அந்த வேப்பமர நிழலுக்குத் திரும்புவோம். அத்திவாரம் மறுநாள் வெட்டப்படவில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து காணியைச் சுற்றி நடந்து பார்த்தார். படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றினார். தென்மேற்கிலிருந்த குசினி தென்கிழக்குக்கு வந்தது. ஒரு கல்லும் கூடவில்லை, ஒரு பை சீமெந்தும் கூடவில்லை. மாற்றிய படத்தில் இருவரும் ஒப்பமிட்டார்கள். ஐந்து நாள் பிந்தியது. ஐப்பசி மழைக்கு முன் கூரை போட அது தடையாக இருக்கவில்லை.

"ஒரு கேள்விதானே கேட்டனான்" என்றார் தாய்.

உங்கள் வீட்டுப் படம் உங்கள் கைக்கு வரும் நாளில், நீங்களும் அதை விளக்கின் கீழ் விரித்து வைத்து, வீட்டிலுள்ள எல்லோரையும் அழைத்து, ஒவ்வொருவரையும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பிறகு மண்வெட்டியை எடுங்கள்.